ஃபிரிட்ஜ் இல்லாத வீடு

ஏப்ரல் 3

வீடு மாறியாயிற்று. திருச்சி கே.கே. நகரில், மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டைமாடிதான். சாமான் ஏற்றிவந்த ஆட்டோக்காரர் இரண்டே நடையில் எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவ்வளவுதானாம்மா? மீதி பின்னாடி வருதா?" என்றார். வருது என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு மெத்தை, ஒற்றை அடுப்பு, பாத்திரப் பை, புடவைப் பெட்டி. நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு இங்கிருந்து ஒரே பஸ். அந்த வசதிக்காகத்தான் இங்கே பார்த்தேன்.

சாயங்காலம் எதிர்வீட்டு நூருன்னிசா ஒரு குடம் குடிதண்ணீரோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும். வீடு நிறைய ஆட்கள் போலிருக்கிறது, கதவைத் திறந்தாலே சத்தம். என் சமையலறையை எட்டிப் பார்த்தாள்.

"ஃபிரிட்ஜ் எப்பக்கா வருது? அந்த மூலையில பிளக் பாயின்ட் வேலை செய்யாது, முன்னாடியே சொல்லிட்டேன்."

"வராது. நான் ஃபிரிட்ஜ் வெச்சுக்கறதில்ல."

"ஏன்க்கா?"

அவள் முகத்தில் ஒரு பரிதாபம் கிளம்பப் பார்த்தது. அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "பூமி சூடாகிட்டே போகுதுங்கறாங்கல்ல. நம்மளால முடிஞ்சதக் குறைச்சுக்கலாம்னுதான்."

"ஏசியுமா? மொட்டைமாடி சூடு அப்படியே இறங்குமேக்கா!"

"அதுவும் இல்ல."

பரிதாபம் போய் மரியாதை வந்தது. நான் சொன்னதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் கரண்ட் குறையத்தானே செய்யும்.

ஏப்ரல் 6

மண்பானை வாங்கினேன். காய்கறிக் கடையில் இரண்டு கத்திரிக்காயும் ஒரு தக்காளியும் எடுத்துக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் தராசில் போடாமலே என்னைப் பார்த்தாள். "ஒரு ஆளுக்கா?" என்றாள். ஃபிரிட்ஜ் கிடையாது, அன்றன்றைக்கு வாங்குவதுதான் நல்லது, வீணாகாது என்று நீளமாக விளக்கினேன். அவள் கேட்டது அதை இல்லை.

ஏப்ரல் 9

அவர் போன் செய்தார். கேஸ் புத்தகத்தைக் காணோமாம். ஹால் அலமாரி மேல்தட்டில் இருக்கிறது என்றேன். கிடைத்துவிட்டது.

"ஸ்கூட்டிய வேணும்னா எடுத்துக்கோ. இங்க சும்மாதான் நிக்குது."

"வேண்டாம். பஸ்ஸே போதும்."

"சரி."

அவருக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்டது. அவருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. சமையலுக்கு ஆள் போட்டிருப்பார்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம் எல்லாம் செய்தேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் கைக்குள் உட்கார்ந்திருக்கிறது, மூன்று பேருக்கு ஆகிவிட்டது. ராத்திரிக்குள் பாயசம் திரிந்துவிடும். எதிர்வீட்டில் கொடுத்தேன். நூருன்னிசா பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராமல் நாலு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தாள். இரண்டு தின்றேன். இரண்டு கறுத்துப்போயின.

ஏப்ரல் 16

சாரு பெங்களூர் ஹாஸ்டலிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். "என்னம்மா பின்னாடி ஒண்ணுமே இல்ல? எதிரொலி கேக்குது." கல்லூரிக்குப் பக்கம் என்பதால் கொஞ்ச நாள் இங்கே இருக்கிறேன் என்றுதான் முன்பே சொல்லியிருந்தேன். இன்று கூடவே அந்த ஃபிரிட்ஜ் விளக்கத்தையும் சொன்னேன். "சூப்பர்மா! எங்க கிளாஸ்ல எல்லாரும் பேசறாங்க, ஒருத்தரும் செய்யறதில்ல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். துணியைக் கையால் துவைக்கிறேன், அலசிய தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு விடுகிறேன் என்றெல்லாம். நிஜத்தில் தொட்டியும் இல்லை, செடியும் இல்லை. நாளைக்கே துளசியும் கற்பூரவல்லியும் வாங்கிவந்து வைத்துவிட வேண்டும்.

ஏப்ரல் 20

குடியிருப்போர் கூட்டம். இனிமேல் பிரிக்காத குப்பையை மாநகராட்சி வண்டி எடுக்காதாம். செயலாளர் பக்கிரிசாமி பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்து ரிடையர் ஆனவர். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தேடிக் கைநீட்டினார்.

"மூணாவது மாடி மேடம் ஃபிரிட்ஜே இல்லாம வாழறாங்க. கொள்கை உள்ளவங்க. இத அவங்கதான் எடுத்து நடத்தணும்."

எல்லோரும் திரும்பினார்கள். கை தட்டினார்கள். மறுக்க எழுந்தேன், "சரிங்க" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

சாயங்காலமே, குப்பையை உரமாக்க மொட்டைமாடியில் துளை போட்ட பெரிய டிரம் ஒன்று வந்து இறங்கியிருக்கிறது.

ஏப்ரல் 28

காய்ந்த இலை, தேங்காய் நார்த்தூள், என் வீட்டுக் காய்கறித் தோல், கொஞ்சம் புளித்த மோர். சொன்னபடி எல்லாம் போட்டாயிற்று. உள்ளே சூடு ஏற வேண்டும், சூடு ஏறினால்தான் மக்கும் என்கிறார்கள். தினமும் கையை விட்டுப் பார்க்கிறேன். சில்லென்றிருக்கிறது.

இணையத்தில் தேடினேன். ஒரு வீட்டுக் கழிவு, அதுவும் ஒரு ஆள் கழிவு, சூடேறுவதற்குப் போதாதாம். அளவு சேர வேண்டுமாம்.

மே 3

நாலு நாளாக வாளியோடு வீடு வீடாகப் போகிறேன். கதவைத் தட்டி, "உங்க காய்கறித் தோலக் குப்பையில போடாதீங்க, எனக்குக் குடுங்க" என்று கேட்பது சுலபமில்லை. முதல் வீட்டு வாசலில் மணியை அழுத்திவிட்டுத் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

இதற்குள் எல்லா வீடும் பிடிபட்டுவிட்டது. கீழ்த்தளத்துப் புதுமணத் தம்பதிக்கு முட்டையைத் தவிர ஒன்றும் சமைக்கத் தெரியாது. முதல் மாடி ஆடிட்டர் வீட்டில் பலகாரக் கடை டப்பாக்கள்தான். பக்கிரிசாமி வீட்டில் பாகற்காய் அதிகம், சர்க்கரை நோய் யாருக்கோ. நூருன்னிசா வீட்டில் இருந்து தினமும் ஒரு வாளி நிறைய வெங்காயத் தோல், புதினாக் காம்பு, மாம்பழத் தோல். அந்த வாளியைத் தூக்கும்போது கை இழுக்கும். என்னுடையது ஒரு கிண்ணத்தில் அடங்கிவிடும்.

மே 11

அக்கினி நட்சத்திரம். சுவர், தலையணை, குடிக்கிற டம்ளர் எல்லாம் சுடுகிறது. தரையைத் தண்ணீரால் துடைத்து ஈரத்தின் மேல் படுக்கிறேன். நேற்று பஸ் நிறுத்தத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஏசி தவணையில் வாங்கினால் என்ன என்று தோன்றியது. வாங்கினால் எதிர்வீட்டுக்கு என்ன சொல்வது என்றும் தோன்றியது.

இந்தச் சூடு நான் சிறுமியாக இருந்தபோது இல்லை. இதைக் கொள்கைக்காக எழுதவில்லை, முதுகில் உணர்ந்து எழுதுகிறேன்.

மே 15

மூன்று நாள் முன்பு பக்கிரிசாமியிடம் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம், சூடு இறங்காது என்று சொன்னேன். "எனக்கும் பொழுது போகணும்ல" என்று மறுநாளே பிரஷ்ஷோடு வந்துவிட்டார். நானும் அவரும் காலை வெயில் ஏறுவதற்கு முன்பாக அடித்தோம். இன்று இரண்டாம் பூச்சு காய்ந்ததும் வீட்டுக்குள் வந்து சுவரைத் தொட்டேன். கை வைக்க முடிந்தது.

இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பிறகு வைத்துவிட்டேன்.

மே 25

கரூரில் சித்தி மகன் கல்யாணம். அவரும் வந்திருந்தார், ஆண்கள் பக்கம். இரண்டு பேரும் தூரத்தில் தலையசைத்துக்கொண்டோம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த சுலோசனா அக்கா இலையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டி கோதை, பூமியக் காப்பாத்தப் போறேன்னு தனியாப் போயிட்டியாமே? ஏசி கூடாது, காரு கூடாதுன்னு அவரப் பாடாப் படுத்துனியாம். பாவம், மனுஷன் சொல்லி எவ்வளவு வருத்தப்பட்டாரு!"

"யாரு சொன்னா?"

"அவருதான். எல்லாருக்கும் தெரியுமே. சாருகூட அப்படித்தான் சொல்லிச்சு."

சாம்பார் வந்தது, ரசம் வந்தது. எழுந்து சொல்லியிருக்கலாம். சுற்றிலும் அத்தனை பேர். பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். எனக்காக நான் தைத்த பொய்ச் சட்டையை அவர் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு அளவாகவும் இருக்கிறது.

மே 27

சாரு போன். "உண்மையச் சொல்லும்மா. ஒரு ஃபிரிட்ஜுக்காகவா? பூமிய நேசிக்கறவ, வீட்டுல இருக்கற மனுஷங்கள விட்டுட்டுப் போவாளா?"

அவள் இவ்வளவு கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. லீவுக்கு அவள் வந்து படுக்கிற அறை அந்த வீட்டில்தான் இருக்கிறது. அவள் மேசை, அவள் ஜன்னல்.

"எனக்கு இது பிடிச்சிருக்கு சாரு" என்றேன்.

வைத்துவிட்டாள்.

ஜூன் 2

ஒன்றுமில்லை.

ஜூன் 8

நேற்று பக்ரீத். நூருன்னிசா பிரியாணி அனுப்பினாள். இன்று காலை ஆடிட்டர் கத்திக்கொண்டே மேலே வந்தார். டிரம்மில் நாற்றம், புழு. யாரோ எலும்பைப் போட்டிருக்கிறார்கள், அதோடு தண்ணீர் தேங்கிவிட்டது. "இந்த அம்மாவுக்கு வேற வேலை இல்ல. குடும்பம் குட்டின்னு இருந்தா இதுக்கெல்லாம் நேரம் இருக்குமா?" என்றார். பக்கிரிசாமி என் முகத்தைப் பார்க்காமல், அடுத்த ஞாயிறு வரை பார்ப்போம், சரியாகாவிட்டால் எடுத்துவிடலாம் என்றார்.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளற ஆரம்பித்தேன். எதற்காக இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. நிறுத்தினால் நாளைக் காலை யார் வீட்டுக் கதவையும் தட்ட எனக்குக் காரணம் இருக்காது.

கொஞ்ச நேரத்தில் நூருன்னிசா ஒரு சாக்கு நிறையக் காய்ந்த வேப்பிலையோடு வந்து நின்றாள். "எலும்பு எங்க வீட்டுதுதான்க்கா. கூட்டத்துல எந்தக் கை போட்டுச்சுன்னு தெரியல. தள்ளுங்க, நான் கிளறுறேன்." புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். எலும்பைப் பொறுக்கி எடுத்தோம். இலையைப் போட்டுப் போட்டுக் கிளறினோம். இரண்டு பேரும் மாற்றி மாற்றி வாந்தி எடுக்கப் போனோம். சிரிப்பு வந்துவிட்டது. நான் சத்தமாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன், யோசனை பாதியில் பிடிக்கவில்லை.

ஜூன் 14

காலையில் கையை விட்டேன். சட்டென்று வெளியே எடுத்துவிட்டேன். சுட்டது! கிளறினால் ஆவி வருகிறது, மழைக்குப் பிறகு மண் வாசனை மாதிரி ஒரு வாசனை. மூன்று மாடியும் இறங்கிப்போய் பக்கிரிசாமியை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். பனியனோடு வந்து கையை விட்டவர், "அடேயப்பா, பாய்லராட்டம் இருக்கே" என்றார்.

ஜூன் 30

புடவை கிழிசல்களைத் தைத்தேன். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் இப்போது என்னோடு பஸ்ஸில் வருகிறார்கள், ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டு. அவர்கள் முன் இருக்கையில் ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவார்கள். நான் பின்னால்.

சாரு இன்னும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கிறாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், சரி.

ஜூலை 13

முதல் உரம். கறுப்பாக, உதிரியாக. ஆளுக்கொரு பை கொடுத்தோம். ஆடிட்டர் வீட்டம்மா ரோஜாவுக்கு வேண்டும் என்று இரண்டாவது பையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 26

காலையில் கதவைத் திறந்தால் சாரு நிற்கிறாள். தோளில் பை, கண் வீங்கி இருந்தது. நேற்றே வந்துவிட்டாளாம், நேராக அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், சுவரோரம் மெத்தை. பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

"அங்க ஒருத்தங்க இருக்காங்கம்மா."

நான் காப்பிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆபீஸ் ஃபிரெண்டுன்னாரு. காலையில அவங்கதான் எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தாங்க. சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு தேடவே இல்ல, நேராக் கை போகுது." அவள் குரல் உடைந்தது. "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இந்த ஃபிரிட்ஜ் கதையெல்லாம்?"

"என்கிட்ட ஃபிரிட்ஜ் இல்ல, சாரு. அதான் கதை. உங்கப்பா என்னப் போகச் சொன்னாரு. நீ இங்க இருக்கறது எனக்கு மூச்சு முட்டுதுன்னாரு. கெளம்பி வந்தேன். எதையும் கேட்டு எடுத்துக்க மனசு வரல."

இந்த வாக்கியத்தை இந்த நோட்டில்கூட இதுவரை எழுதவில்லை. சொல்லி முடித்த பிறகு பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

"ஏம்மா சொல்லல? நான் உன்ன என்னெல்லாம் பேசினேன்!"

"லீவுக்கு வந்தா உனக்குன்னு ஒரு ரூம் இருக்கட்டும்னுதான்."

அவள் எழுந்தாள். "நான் இப்பவே போய் அந்த ஃபிரிட்ஜத் தூக்கிட்டு வர்றேன். வேன் பிடிச்சா எவ்வளவு நேரம்? ஏசியையும் கழட்டிட்டு வர்றேன். எல்லாம் உன் சம்பளத்துலதானே வாங்குனது?"

"உக்காரு. வேண்டாம்."

"இன்னும் என்ன கொள்கை?"

"கொள்கை இல்ல. அந்த வீட்டுல இருந்து எனக்கு எதுவும் வேண்டாம். வேணும்னா நானே வாங்கிக்குவேன். இப்ப வேணும்னு தோணல, அவ்வளவுதான்."

அப்போது கதவில் நூருன்னிசாவின் குரல். "கோதைக்கா, வாளி!" சாரு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் வாங்கினாள். மொட்டைமாடிக்கு வந்து, நான் டிரம்மைக் கிளறுவதைச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கிளறும் கம்பியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 28

சாருவை ரயிலேற்றிவிட்டு வந்தேன். இரண்டு நாளும் ஒரே மெத்தையில் குறுக்கே படுத்துக்கொண்டோம். ஏறும்போது, "இனிமே லீவுக்கு எங்கம்மா வர்றது?" என்றாள். உனக்கு எங்கே தோன்றுகிறதோ அங்கே என்றேன். இது ஒரு பதிலா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

வீடு முன்பைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். பக்கிரிசாமி ஒரு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தார், மேடம் ஐந்து நிமிஷம் பேச வேண்டும், எப்படி இந்த வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்தேன் என்று. எழுதி வைத்திருந்தேன். பிளாஸ்டிக், கரண்ட், பஸ், நம் பேரப்பிள்ளைகள் காலம் என்று நன்றாகத்தான் வந்திருந்தது.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கீழே எல்லா வீட்டு ஆட்களும். யார் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தாளை மடித்தேன்.

"நான் இதத் தேர்ந்தெடுக்கல" என்றேன். மைக் கீச்சிட்டது. "என் வீட்டுக்காரர் என்னப் போகச் சொல்லிட்டாரு. வந்தப்ப என்கிட்ட ஃபிரிட்ஜ் இல்ல, வண்டி இல்ல. கேட்டவங்ககிட்ட வெக்கத்துல பூமிக்காகன்னு சொல்லிட்டேன். நீங்க நம்பிட்டீங்க. நம்பிட்டீங்களேன்னு செய்ய ஆரம்பிச்சேன். செஞ்சு பார்த்தா, சுண்ணாம்பு அடிச்சா நெசமாவே சூடு குறையுது. குப்பை நெசமாவே மண்ணாகுது. இப்ப இதெல்லாம் எனக்குப் பிடிச்சுத்தான் செய்யறேன். ஆனா ஆரம்பத்துல சொன்னது பொய். அதுக்கு மன்னிச்சிடுங்க."

ஒருவரும் கை தட்டவில்லை. ஒரு குழந்தை மிட்டாய் உறையைப் பிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பக்கிரிசாமி மைக்கை வாங்கினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சரி மேடம். முதல் டிரம் நெறைஞ்சிடுச்சு. ரெண்டாவது டிரம்ம எந்தப் பக்கம் வெக்கறது? கிழக்கால வெச்சா வெயில் படும்."

"கிழக்கால வேண்டாங்க. தண்ணித் தொட்டி நிழல்ல வெக்கலாம்" என்றேன்.

"எங்க வீட்டுல இருந்தும் நாளையில இருந்து குடுக்கறோம்" என்றார் ஆடிட்டர், யாரையும் பார்க்காமல்.

மிட்டாய் வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். நான் மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கமா என்று கேட்டால் தெரியாது. சாயங்காலம் நூருன்னிசா வந்தாள். கையில் வாளி இல்லை, பாத்திரமும் இல்லை. தரையில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றி, மாமியாரின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினாள். காலையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருட்டிய பிறகு, "வர்றேன்க்கா" என்று எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 17

ஞாயிறு. சாரு கூப்பிட்டாள். நானாகக் கூப்பிடாமல் அவளாக. தேர்வு அட்டவணை, மெஸ் சாப்பாடு, தோழி ஒருத்திக்குக் காய்ச்சல். அப்பா பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிந்துவிட்டது. அவள் பக்கம் ஹாஸ்டல் மின்விசிறி ஓடும் சத்தம், யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம். என் பக்கத்துச் சத்தம் அவளுக்கு என்ன கேட்டதோ.

"வெக்கட்டுமாம்மா?" என்றாள்.

"ம்" என்றேன்.

அவளும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.